ஆல்ஃபா 1-க்குப் பேர் வச்சவங்க

ஒரு விளையாட்டைச் செஞ்ச கம்பனியை விட, அதை வருஷக்கணக்கா விளையாடினவங்களுக்கு அதைப் பற்றி அதிகம் தெரிஞ்சிருக்குமா? தெரிஞ்சிருக்கும் என்பதுதான் என் கட்சி. அதுக்குச் சாட்சியா நான் கொண்டுவருவது ‘ப்ளூ பிளானட்’. 1999இல் வந்த ‘ஃப்ரீஸ்பேஸ் 2’ என்ற விண்வெளிப் போர் விளையாட்டுக்கு, அதன் ரசிகர்கள் சம்பளம் இல்லாம எழுதிச் செஞ்ச தொடர் அது. இப்படியான தொடரை கெம்பெய்ன் என்று சொல்வாங்க. மிஷன் மிஷனா கதை நகரும். நீங்க ஒரு சின்ன போர் விமானத்துக்குள்ள உட்கார்ந்து அந்தக் கதைக்குள்ள பறப்பீங்க.

போன மார்கழி மழையில், எதிரே இருக்கிற மலையே கண்ணுக்குத் தெரியாத நாட்களில், நானும் ஒரு நண்பனும் பழைய லெப்டொப் ஒன்றில் இதை விளையாடி முடிச்சோம். ஒருத்தர் பறக்கணும், மற்றவர் திரையில் ஓடுற இங்கிலீஷை வாசிச்சுத் தமிழில் சொல்லணும். அதுதான் ஒப்பந்தம். (கதையைச் சொல்லாம இதைப் பற்றிப் பேச முடியாது. முதலில் விளையாடிட்டு வர்றேன் என்கிறவங்க இந்த இடத்தில் நிறுத்திக்கலாம்.)

முதலில் வரலாறு, சுருக்கமா. ஃப்ரீஸ்பேஸ் 2ஐச் செஞ்சது வொலிஷன் என்ற அமெரிக்க நிறுவனம், வெளியிட்டது இன்டர்பிளே. விமர்சகர்கள் தலையில் தூக்கி வச்சுக் கொண்டாடினாங்க. கடையில் மட்டும் விற்கவில்லை. அடுத்த பாகம் வரவே இல்லை. 2002இல் வொலிஷன் ஒரு நல்ல காரியம் செஞ்சது. விளையாட்டின் மூல நிரலைப் பொதுவில் விட்டது. ஒரே நிபந்தனை, அதை வச்சு யாரும் வியாபாரம் செய்யக் கூடாது. அன்றிலிருந்து ரசிகர்கள் அந்த என்ஜினைக் கழற்றி மாட்டி, புதுக் கணினிகளில் ஓட வச்சு, நூற்றுக்கணக்கான மிஷன்களை எழுதிக்கிட்டே இருக்காங்க. 2013இல் இந்த விளையாட்டின் உரிமை வெறும் 7,500 டொலருக்குக் கைமாறியது. 2023 ஓகஸ்ட் 31ஆம் திகதி வொலிஷனையே மூடிட்டாங்க. செஞ்ச கம்பனி இன்றைக்கு இல்லை. விளையாடினவங்க செஞ்சது இருக்கு.

அவங்க என்ன செஞ்சாங்க என்று புரிய, மூல விளையாட்டு பேசாம விட்ட ரெண்டு விஷயத்தைச் சொல்லணும். ஒன்று, அதில் பறக்கிற உங்களுக்குப் பேர் இல்லை. இன்னொன்று, பூமிக்குப் போற வாசல் மூடிக் கிடக்கு.

பேர்

ஃப்ரீஸ்பேஸ் 2இல் நீங்க ‘ஆல்ஃபா 1’. ஆல்ஃபா என்ற அணியின் முதல் விமானம், அவ்வளவுதான். ஊர் இல்லை, அம்மா அப்பா இல்லை, ஒரு வார்த்தை பேசுவதும் இல்லை. எதிர்ப்பக்கத்துக் கலகக்கார அட்மிரல் பொஷ்ஷுக்குக்கூட நீளநீளமான தனிமொழி எழுதி வச்சிருக்காங்க. உங்க பக்கத்துக்குக் ‘கொமாண்ட்’ என்ற குரல்தான். போ, சுடு, காவல் இரு, திரும்பி வா. ஆறு கிலோமீற்றர் நீளமான போர்க்கப்பல்களுக்கு நடுவில் ஒரு கொசு மாதிரி பறக்கும்போது, எதுக்குச் சண்டை என்ற முழுக் காரணம் உங்களுக்குக் கடைசியில்தான் தெரியும். சில விஷயம் கடைசியிலும் தெரியாது.

தோட்டத்தில் பிறந்தவங்களுக்கு இது புதுசு இல்லை. நம்ம ஊரில் ‘பேர்’ என்றாலே வேற அர்த்தம் இருக்கே. ஒரு நாள் முழுச் சம்பளம் விழுந்தா ஒரு பேர். கொழுந்து நிறை குறைஞ்சா அரைப்பேர். “இன்னைக்கு எனக்கு அரைப்பேருதான் போட்டாங்க” என்று நம்ம அம்மாமார் சொல்லும்போது, அது சம்பளக் கணக்கு மட்டும்தானா? ஒரு மனுஷியின் பேரையே தராசில் வச்சுப் பாதியா வெட்டி செக்ரோலில் எழுதுற வழக்கம் அது. காலையில் பெரட்டில் நின்று மலையைக் கேட்டுக்கிட்டுப் போறவங்களுக்கு, எந்த மலை, எத்தனை கிலோ என்பதுதான் தெரியும். ஏலத்தில் என்ன விலை போனது என்று கொமாண்ட் சொல்றதில்லை.

ப்ளூ பிளானட் செஞ்சவங்க முதல் வேலையா பைலட்டுக்குப் பேர் வச்சாங்க. ‘ஏஜ் ஒஃப் அக்வாரியஸ்’ என்ற முதல் பகுதியில் நீங்க சாமுவேல் பெய். அவனுக்கு அப்பா இருக்கார், அவரும் அதே படையில் அட்மிரல். 2010இல் வந்த இரண்டாம் பகுதி ‘வோர் இன் ஹெவன்’. அதில் நீங்க நோயெமி லபோர்ட், ஒரு இளம் பெண் பைலட். அவள் பேசுறாள், பயப்படுறாள், பகிடி விடுறாள். கூடப் பறக்கிற சிம்ஸ் என்ற மூத்தவளிடம் வாங்கிக் கட்டிக்கிறாள். போர் நீள நீள, கொல்றதில் தனக்கு இருக்கிற கெட்டித்தனம் தன்னை என்ன செய்யுது என்று அவளே பார்க்கிறாள். விளையாட்டின் விதி ஒன்றும் மாறவில்லை. அதே விமானம், அதே ஏவுகணை. ஆனா விசையை அழுத்துற விரலுக்குப் பின்னால ஒரு ஆள் வந்துட்டாள். அதுக்குப் பிறகு ஒவ்வொரு சூட்டுக்கும் கணக்கு இருக்கு.

கம்பனி ஏன் இதைச் செய்யவில்லை? அவங்களுக்கு ஆல்ஃபா 1 ஒரு காலி நாற்காலி. யார் வேணும்னாலும் உட்காரலாம், அதுதான் வசதி. ரசிகர்கள் அந்த நாற்காலியில் பத்து வருஷம் உட்கார்ந்தவங்க. அதில் ஒரு ஆள் இருக்கார் என்று அவங்களுக்குத்தான் தெரியும்.

நம்ம பதுளையில் இதுக்கு ஒரு முன்னோடி இருக்கார். ஹாலி-எல பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, தெளிவத்தைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பிச்ச ஜோசப், அந்தத் தோட்டத்தின் பேரையே தன் பேருக்கு முன்னால போட்டு தெளிவத்தை ஜோசப் ஆனார். 1974இல் ‘காலங்கள் சாவதில்லை’ நாவலை எழுதினார். தேயிலைப் பெட்டியில் மட்டும் அச்சாகிக்கொண்டிருந்த தோட்டத்துப் பேர்களில் ஒன்றை, ஒரு மனுஷன் புத்தக அட்டைக்குக் கொண்டுவந்தார். செக்ரோல் எழுதுறவன் கையிலிருந்து பேரைத் திருப்பி வாங்குற வேலை அது.

மூடின வாசல்

இரண்டாவது மௌனம் பூமி. 1998இல் வந்த முதல் ஃப்ரீஸ்பேஸின் முடிவில், எதிரியின் பெரிய கப்பலை அழிக்கும்போது சூரிய மண்டலத்துக்குப் போற பாதை இடிஞ்சு விழுது. மற்ற நட்சத்திரங்களில் குடியிருக்கிற மனுஷர் எல்லாரும் பூமியிலிருந்து அறுந்து போறாங்க. இரண்டாம் விளையாட்டு முழுக்க அந்த ஏக்கம் பின்னால நிற்கும். பூமிக்கு என்ன ஆச்சு என்று மட்டும் காட்டமாட்டாங்க.

ரசிகர்கள் அந்த வாசலைத் திறந்தாங்க. கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு கழிச்சு, பிரிஞ்சு போன மனுஷர் திரும்பவும் பூமிக்குப் போறாங்க. நம்ம எதிர்பார்ப்பு என்ன? கட்டிப் பிடிச்சு அழுவாங்க. கதையில் நடக்கிறது வேற. பூமிக்காரங்க இவங்க இல்லாமலே நல்லா வாழ்ந்திருக்காங்க. உபுண்டு என்ற ஆபிரிக்கச் சிந்தனையை வச்சு வேற மாதிரி ஆட்சி நடத்துறாங்க. திரும்பி வந்தவங்களோ ரெண்டு பெரிய போரில் வெந்து இறுகிப் போனவங்க. ஒரே இரத்தம், ஒரே கொடி வழி. ஆனா முதல் சந்திப்பே படையெடுப்பா முடியுது. படையெடுத்து வந்த பக்கத்தில் இருந்த சாமுவேல் பெய் கடைசியில் பக்கம் மாறுறான். இரண்டாம் பகுதியில் நீங்க பூமிப் பக்கம் நின்று, முதல் பகுதியில் உங்களோட பறந்த அதே மாதிரிக் கப்பல்களைச் சுடணும்.

இந்த இடத்தில் நண்பன் விளையாட்டை நிறுத்திட்டு, “இது நம்ம கதை மாதிரி இருக்குடா” என்றான். 1964 ஒக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டாங்க: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கலாம். பேர் அங்கேயும் இல்லை, எண்ணிக்கைதான். தலைமன்னாரில் கப்பல் ஏறினவங்க நீலகிரித் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனாங்க, கோத்தகிரிக்கும் கூடலூருக்கும். 1984இல் அந்தக் கப்பலும் நின்னுடுச்சு. தாய்நாடு என்று நம்பிப் போனவங்களை அங்கே ‘சிலோன்காரங்க’ என்றாங்க. இங்கே இருந்தவங்களை இங்கே ‘இந்தியாக்காரங்க’ என்றாங்க. நம்ம வீடுகளில் அந்தப் பக்கம் போன ஒரு பெரியப்பாவோ சித்தியோ இல்லாத குடும்பம் குறைவு. கடிதம் வரும், பிறகு கடிதமும் நிற்கும்.

வாசல் திறந்தா எல்லாம் சரியாயிடும் என்று நம்புறது லேசு. அரை நூற்றாண்டு கழிச்சுத் திறக்கிற வாசலில் நிற்கிறவர் அதே ஆள் இல்லை என்பதை ப்ளூ பிளானட் நேராச் சொல்லுது. மூலக் கம்பனி ஒரு மூன்றாம் பாகம் எடுத்திருந்தா, பூமிக்குப் போற காட்சியில் பட்டாசு கொளுத்தி முடிச்சிருப்பாங்க என்பது என் ஊகம்.

சண்டையும் சலிப்பும்

கதை மட்டும் நல்லா இருந்தா நாவல் வாசிச்சிட்டுப் போகலாம். விளையாட்டாகவும் இது நிற்குதா? பெரும்பாலும் நிற்குது. பூமிப் படையிடம் எதிரியிடம் உள்ளது போல பெரிய கதிர்ப் பீரங்கி இல்லை, துப்பாக்கியும் டோர்பிடோவும்தான். எதிரித் தளபதி ஸ்டீல் தன் கப்பல்களைப் பக்கத்திலேயே திடீரென்று கொண்டுவந்து இறக்கி, சுட்டுட்டு மறைஞ்சிடுவான். அதனால் ‘எல்லாம் முடிஞ்சுது’ என்று நீங்க மூச்சு விடுற நேரம்தான் ஆபத்தான நேரம்.

‘டெலெண்டா எஸ்ட்’ என்ற மிஷன் இதன் உச்சம். கார்த்தேஜ் என்ற எதிரிக் கப்பல் தனியா மாட்டியிருக்கு, போய் அழிச்சிடலாம் என்று பெரிய அணியோட போறீங்க. அது பொறி. அதுக்குப் பிறகு வெல்றது என்ற பேச்சே இல்லை. உயிரோட வெளியே வர்றதுதான் வேலை. கூட வந்த கப்பல்கள் ஒவ்வொன்றா எரியும்போது வானொலியில் கேட்கிற குரல்கள் ரெண்டு நாள் மனசை விட்டுப் போகவில்லை. தோற்கிறதை விளையாட வைக்கிறது கஷ்டம். விற்பனையை நினைக்கிற கம்பனி அதைத் தொடப் பயப்படும். விற்கவே முடியாத ரசிகனுக்கு அந்தப் பயம் இல்லை.

குறையும் இருக்கு. சண்டை நடக்கும்போதே பந்தி பந்தியா இங்கிலீஷ் ஓடும். ஏவுகணைக்குத் தப்புறதா, தத்துவம் வாசிக்கிறதா? எங்களுக்கு ரெண்டு பேர் இருந்ததால் சமாளிச்சோம். தனியா விளையாடுற ஆளுக்கு, இங்கிலீஷ் தடுமாறுற ஆளுக்கு, பாதிக் கதை போயிடும். மூல விளையாட்டை விளையாடாதவங்களுக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது. எல்லாத்துக்கும் மேல, கதை முடியவில்லை. மூன்றாவது தவணையான ‘டெனெப்ரா’ 2012இல் வந்தது. கதை அங்கேயே தொங்கிக்கிட்டு நிற்குது. சம்பளம் இல்லாத வேலைக்கு இதுதான் விலை. எழுதினவங்களுக்கு வேலை, குடும்பம் வந்திடும். எழுதினவர்களில் ஒருத்தரான செத் டிக்கின்சன் 2015இல் ஒரு நாவல் வெளியிட்டுப் பேர் வாங்கினார். அதன் நாயகி, பேரரசு விழுங்கின ஒரு தீவில் பிறந்து, அதே பேரரசுக்குக் கணக்கு எழுதப் போறவள். கணக்கப்பிள்ளை கதை! நமக்குத் தெரியாத கணக்கப்பிள்ளையா?

ரோதமுனி செஞ்ச மாட்

இன்னொரு விஷயம் கேட்டா நம்ம அப்பாயிமார் சண்டைக்கு வருவாங்க. இந்த விளையாட்டில் மனுஷ இனத்தையே அழிக்க வர்ற வேற்றுக்கிரக எதிரியின் பேர் ஷிவன்கள். ஆமாம், சிவனேதான். அழிக்கும் கடவுள் என்று எங்கேயோ வாசிச்சு அப்படி வச்சிருக்காங்க. ப்ளூ பிளானட் அதுக்கு ஜோடியா விஷ்ணன்கள் என்ற காக்கும் இனத்தையும் கொண்டுவருது. கோபப்பட ஒன்றும் இல்லை. வெளியாள் நம்ம சாமியை எடுத்தா, அகராதியில் இருக்கிற ஒரு வரியைத்தான் எடுக்க முடியும்.

நம்ம ஆட்கள் எடுத்தப்போ என்ன செஞ்சாங்க? ஊரிலிருந்து கொண்டுவந்த முனியை, தேயிலை ஃபெக்டரியின் பெரிய சக்கரத்துக்குக் காவலா நிறுத்தி ரோதமுனி என்று பேர் வச்சாங்க. கவ்வாத்து வெட்டுற மலைக்கு ஒரு கவ்வாத்துச்சாமி. எந்த ஆகமத்திலும் இல்லாத சாமிகள். ஊரிலிருந்து வந்த காமன் கூத்தை ஒவ்வொரு தோட்டமும் தன் இஷ்டத்துக்கு ஆடுது. பழைய என்ஜின், புது மலை, புதுக் கதை. மாட் என்பது இதுதானே? ரசிகர் ஆக்கம் என்பது இன்டர்நெட்டோட வந்த வித்தை என்று யாராவது சொன்னா, லயத்துக் கோயிலைக் காட்டுங்க.

“கேமுக்கும் தோட்டத்துக்கும் முடிச்சுப் போடாதே, அவங்க பொழுதுபோக்குக்குச் செஞ்சாங்க, இவங்க வயிற்றுப்பாட்டுக்கு உழைச்சாங்க” என்று ஒரு தோழர் சொன்னார். நியாயம்தான். தனக்குச் சொந்தமில்லாத என்ஜினில் வேலை செய்ற ரசிகன் நாளைக்கே எழுந்து போயிடலாம். தனக்குச் சொந்தமில்லாத லயக் காம்பராவில் நாலு தலைமுறை இருந்த குடும்பம் எழுந்து எங்கே போகும்? ரெண்டு உழைப்பும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. நான் சொல்றது கதையைப் பற்றி. நிலத்துக்கு உறுதிப்பத்திரம் கிடைக்கிறவரை நம்ம கதைக்கும் காத்திருக்கணும் என்று ஒரு சட்டமும் இல்லை. நம்மைப் பற்றி அறிக்கை எழுதுறாங்க, ஆவணப்படம் எடுக்கிறாங்க, தேர்தல் மேடையில் பேசுறாங்க. எல்லாத்திலும் நம்ம ஆள் ஆல்ஃபா 1தான். கூடையோட நிற்கிற ஒரு படம். கீழே பேர் இருக்காது.

அப்போ நாம?

ஃப்ரீஸ்பேஸ் 2ஓட ஃப்ரெட் என்ற மிஷன் எழுதுற கருவியும் சேர்ந்தே வருது. பெரிய நிரலாளரா இருக்கத் தேவையில்லை. ‘இந்தக் கப்பல் அழிஞ்சா, முப்பது செக்கன் கழிச்சு இந்தச் செய்தி வரட்டும்’ என்ற மாதிரி, இது நடந்தா அது நடக்கட்டும் என்று அடுக்கிக்கிட்டே போகணும். ஓ/எல் கணிதம் போதும், பொறுமை கொஞ்சம் அதிகம் வேணும். ஒவ்வொரு செய்திக்கும் குரல் பதிவைச் சேர்க்கலாம். அப்படியென்றா அந்தக் குரல் பசறைத் தமிழில் இருக்கலாம், மடூல்சீமைத் தமிழில் இருக்கலாம். போனில் பதிஞ்சாலே போதும். இங்கிலீஷ் தடுமாறுற தம்பிக்கும் கதை முழுசாப் போய்ச் சேரும்.

என்ன கதை? 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிஞ்சு லயங்களை மூடினது. அந்த இடம் ஆபத்து என்ற எச்சரிக்கை பல வருஷத்துக்கு முன்னாலேயே கொடுக்கப்பட்டிருந்தது. போறதுக்கு வேற இடம்தான் கொடுக்கப்படவில்லை. இதை ஒரு மிஷனா நினைச்சுப் பாருங்க. ஒரு பாறை ஒரு குடியிருப்பை நோக்கி வருது. கொமாண்டுக்கு எப்பவோ தெரியும். உங்களிடம் ஒரு சின்ன விமானமும், ஆட்களை ஏற்ற ஒரே ஒரு பழைய கப்பலும் இருக்கு. வெளியேறச் சொன்னா, ‘எங்கே போறது?’ என்று அங்கேயிருந்து ஒரு குரல் கேட்குது. உங்க பொத்தான்களில் அதுக்கு எந்தப் பதிலும் இல்லை. அந்தக் குரலுக்கு ஒரு பேர் இருக்கணும். இந்த மிஷனை அமெரிக்காவில் யாரும் எழுதப் போறதில்லை.

நம்ம கூட்டுக்குள்ளேயும் ஒரு கேள்வி. லபோர்ட் ஒரு பெண். இங்கே மலையில் கொழுந்து எடுக்கிறது பெரும்பாலும் பெண்கள். ஆனா வீட்டில் ஒரு லெப்டொப் இருந்தா அது யார் மடியில் இருக்கு? தங்கச்சி அடுப்படியில் நிற்க அண்ணன் விண்வெளியைக் காப்பாற்றுறதில் ஒரு வீரமும் இல்லை. முதல் மிஷனை எழுதுற அணியில் பாதிப் பேர் பெண்களா இல்லாவிட்டா, நாமும் பாதிக் கதையைத்தான் எழுதுவோம்.

விளையாட நினைக்கிறவங்களுக்கு: மூல விளையாட்டு இணையக் கடையில் ஏறக்குறைய 10 டொலர், நம்ம பணத்தில் 3,000 ரூபா கிட்ட. 2024இல் வர்த்தமானியில் வந்த நாட்சம்பளம் 1,350 ரூபா. அதாவது ரெண்டு பேருக்கு மேல. தள்ளுபடி வரும், காத்திருங்க. அதுவும் முடியாதவங்களுக்கு, அதே என்ஜினில் ரசிகர்கள் செஞ்சு 2012இல் இலவசமா விட்ட ரெண்டு முழு விளையாட்டு இருக்கு: ‘விங் கொமாண்டர் சாகா’, ‘டயஸ்போரா’. மூல விளையாட்டு இல்லாமலே ஓடும். டேட்டாதான் கொஞ்சம் கூடத் தின்னும். இரவு டேட்டாவில் இறக்கிக்குங்க.

ப்ளூ பிளானட்டை விளையாடுங்க. முடியாத கதையா இருந்தாலும் விளையாடுங்க. முடிச்சிட்டு ஃப்ரெட்டைத் திறந்து, ஒரு கப்பலை மட்டும் வச்சு, ஒரு வரி மட்டும் உங்க வீட்டுப் பேச்சில் பதிஞ்சு போடுங்க. கப்பலுக்கு உங்க தோட்டத்தின் பேர் இருக்கட்டும். பைலட்டுக்கு முழுப் பேர் போடுங்க, அரைப்பேர் வேண்டாம்.